பி.எஸ்.ஏ. - சீட்டில் ஓர் எண்

பி.எஸ்ஸி., இரண்டாம் ஆண்டு, விலங்கியல்

"இரத்தத்தைச் சோதித்தால் உடம்பில் உள்ளதெல்லாம் தெரிந்துவிடும்" என்பது எங்கள் ஊரில் பலருடைய நம்பிக்கை. சென்ற ஆண்டு வரை என்னுடைய நம்பிக்கையும் அதுதான். சென்ற ஆவணி மாதத்தில் என் தந்தையாரின் இரத்தப் பரிசோதனைச் சீட்டு ஒன்று வீட்டுக்கு வந்தது. அதிலிருந்த ஓர் எண் எங்கள் குடும்பத்தை ஒரு மாதம் உறங்கவிடவில்லை. அந்த எண்ணைப் புரிந்துகொள்வதற்காக நான் தேடிப் படித்ததையும், கேட்டறிந்ததையும் ஈண்டு எழுதுகிறேன்.

"இதைப் போய் ஒரு பெண் எழுதுவதா?" என்று தோழி ஒருத்தி கேட்டாள். பாலூட்டிகளின் இனப்பெருக்க மண்டலத்தை வகுப்பில் படம் வரைந்து பாகங்களைக் குறிக்கிறோம். அதற்கு மதிப்பெண்ணும் வாங்குகிறோம். தேர்வுத்தாளில் இல்லாத கூச்சம் கட்டுரையில் மட்டும் எதற்கு என்று அவளுக்குச் சொன்னேன். எனக்குக் கூச்சம் இல்லாமல் இல்லை. ஆனால் எங்கள் வீட்டில் நடந்ததற்குப் பாதிக் காரணம் அந்தக் கூச்சம்தான்.

என் தந்தைக்கு வயது 59. ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். முப்பது ஆண்டுகளாக வீடு வீடாகப் பால் ஊற்றி வாங்கி, இரண்டு கேன்களைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு சொசைட்டிக்குக் கொண்டு போகிறவர். பேருந்து நிலையத்துக்கு அருகில் உள்ள ஓர் ஆய்வுக்கூடத்தில் "முழு உடல் பரிசோதனை, சலுகைக் கட்டணம்" என்று தட்டி வைத்திருந்தார்கள். அண்ணன் அப்பாவை அழைத்துச் சென்றான். மறுநாள் நான்கு பக்கச் சீட்டு வந்தது. எல்லாம் ஆங்கிலம். மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி மட்டும் தடித்த எழுத்தில் இருந்தது: பி.எஸ்.ஏ. 9.4. பக்கத்தில் மேல் நோக்கிய ஓர் அம்புக்குறி. அதற்கடுத்து, இருக்க வேண்டிய அளவு 0 முதல் 4 வரை. சீட்டைக் கொடுத்தவர் "டாக்டரிடம் காட்டுங்கள்" என்றதோடு சரி. பக்கத்து வீட்டு அண்ணன் கைப்பேசியில் அந்த மூன்று எழுத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, "கேன்சருக்குப் பார்க்கிற டெஸ்ட் இது" என்றார். அன்றிரவே இரண்டு கறவை மாடுகளை விற்பது பற்றி வீட்டில் பேச்சு வந்துவிட்டது.

அம்மா சீட்டை என் கையில் கொடுத்து, "நீதானே காலேஜ் போற புள்ள. என்ன போட்டிருக்குன்னு படிச்சுச் சொல்லு" என்றாள். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அந்தச் சீட்டில் இருந்த ஒவ்வோர் எழுத்தையும் என்னால் படிக்க முடிந்தது. என்ன போட்டிருக்கிறது என்று மட்டும் சொல்ல முடியவில்லை.

சுரப்பியும் அதன் புரதமும்

சிறுநீர்ப்பையின் அடியில், சிறுநீர் வெளியேறும் குழாயைச் சுற்றி மோதிரம் போட்டாற்போல் அமைந்திருப்பது புராஸ்டேட் சுரப்பி. ஆண்களுக்கு மட்டுமே உரியது. இளம் வயதில் ஏறத்தாழ 20 கிராம் எடை. ஒரு பெரிய நெல்லிக்காய் அளவு எனலாம். வயது ஏற ஏற இது பருக்கும். பருத்தால் நடுவே செல்லும் குழாயை நெருக்கும். வயதானவர்கள் இரவில் நான்கு முறை எழுந்து போவதற்கும், போய் நின்று நெடுநேரம் காத்திருப்பதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம். இந்தப் பருத்தல் வேறு, புற்றுநோய் வேறு. இரண்டும் ஒருவருக்கே இருக்கலாம் என்பதும் உண்மை. ஆனால் ஒன்று மற்றொன்றாக மாறுவதில்லை.

இச்சுரப்பி விந்துவோடு சேரும் ஒரு நீர்மத்தைச் சுரக்கிறது. அந்நீர்மத்தில் உள்ள ஒரு நொதிதான் பி.எஸ்.ஏ. 'புராஸ்டேட்டுக்கே உரிய எதிர்ச்செனி' என்பது அதன் பெயரின் பொருள். 237 அமினோ அமிலங்களால் ஆன புரதம் இது. இதற்கான மரபணு 19-ஆம் குரோமோசோமில் உள்ளது. வெளிவந்தவுடன் கட்டிப்படும் விந்துவை மீண்டும் நீர்க்கச் செய்து, விந்தணுக்கள் நீந்த வழி செய்வதே இதன் வேலை.

பெயரை மீண்டும் ஒருமுறை பாருங்கள். 'புராஸ்டேட்டுக்கே உரிய' என்றுதான் சொல்கிறது. 'புற்றுநோய்க்கே உரிய' என்று சொல்லவில்லை. நல்ல செல்களும் இதைச் சுரக்கின்றன. எனக்கு இருபது வயது. என்னுடன் படிக்கும் ஆண் மாணவர் ஒவ்வொருவர் உடலிலும் இது இந்நேரம் சுரந்துகொண்டிருக்கிறது. இந்த ஒரு செய்தியை அறிந்தபோதே என் பயத்தில் பாதி குறைந்தது.

அப்படியானால் அது இரத்தத்துக்கு எப்படி வருகிறது? இயல்பாக இந்நொதி சுரப்பியின் நுண்குழாய்கள் வழியே விந்துவுக்குத்தான் போகும். விந்துவில் இதன் செறிவு இரத்தத்தில் இருப்பதைவிட ஏறத்தாழ பத்து இலட்சம் மடங்கு அதிகம். இரத்தத்தில் காண்பதெல்லாம் கசிவு. வயலுக்குப் போகும் வாய்க்காலை நினைத்துக்கொள்ளுங்கள். கரை நன்றாக இருந்தால் நீர் பாத்திக்குப் போகும். வெளியே ஈரம் மட்டும் தெரியும். நண்டு வளை போட்டாலும் கசியும், மாடு மிதித்தாலும் கசியும், வாய்க்கால் கொள்ளாமல் நீர் வந்தாலும் கசியும், கரையே அரித்துப் போனாலும் கசியும். புற்றுநோய் கரையை அரிப்பது போன்றது. ஆனால் வரப்புக்கு வெளியே நிற்கும் நீரை மட்டும் பார்த்து இன்ன காரணம் என்று எந்த விவசாயியும் சொல்லமாட்டார். போய்க் கரையைப் பார்ப்பார்.

அளப்பது எவ்வாறு?

சீட்டில் எண்ணுக்குப் பக்கத்தில் 'நானோகிராம், ஒரு மில்லிலிட்டருக்கு' என்று போட்டிருந்தது. ஒரு நானோகிராம் என்பது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. 4 நானோகிராம் என்னும் அளவைப் பெரிதாக்கிக் கணக்கிட்டுப் பார்த்தேன். பத்து இலட்சம் லிட்டர் கொள்ளும் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியில் 4 கிராம் சர்க்கரையைக் கரைத்தால் கிடைக்கும் செறிவு அது! நகராட்சித் தொட்டியில் ஒரு கரண்டிச் சர்க்கரை. அதைக் கண்டுபிடித்து, இரண்டாம் கரண்டி விழுந்ததா இல்லையா என்றும் சொல்ல வேண்டும்.

இதைச் செய்வது எதிர்ப்புரதங்கள். பி.எஸ்.ஏ. மூலக்கூறின் ஒரு முனையைப் பிடிக்கும் எதிர்ப்புரதத்தை ஒரு பரப்பில் ஒட்டி வைக்கிறார்கள். இரத்தத்தின் தெளிநீரை அதன்மேல் விட்டால், பி.எஸ்.ஏ. மட்டும் அதில் சிக்கிக்கொள்ளும், மற்றவை கழுவப்படும். பிறகு, மூலக்கூறின் மறு முனையைப் பிடிக்கும் வேறோர் எதிர்ப்புரதத்தை விடுகிறார்கள். இதற்கு ஒளி வீசும் ஓர் அடையாளம் கட்டப்பட்டிருக்கும். எவ்வளவு ஒளியோ அவ்வளவு பி.எஸ்.ஏ. இத்தகைய நுண் அளவீட்டுக்கு வழி திறந்தவர்களுள் ஒருவரான ரோசலின் யாலோ என்னும் அம்மையாருக்கு 1977-இல் நோபல் பரிசு கிடைத்தது. அவர் கதிரியக்கத்தை அடையாளமாகப் பயன்படுத்தினார். ஒரே மாதிரியான எதிர்ப்புரதங்களை வேண்டிய அளவு உண்டாக்கும் முறையை 1975-இல் கோலர், மில்ஸ்டைன் ஆகிய இருவரும் கண்டனர். 1984-இல் அவர்களும் நோபல் பரிசில் பங்கு பெற்றனர். ஆய்வுக்கூடங்கள் வெவ்வேறு நிறுவனத்தாரின் கருவிகளையும் எதிர்ப்புரதங்களையும் பயன்படுத்துவதால் ஒரே இரத்தத்துக்கு இரண்டு இடங்களில் சற்று வேறுபட்ட எண் வருவதுண்டு. ஆகவே, ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமானால் ஒரே இடத்தில் சோதிப்பது நலம்.

4 என்னும் எல்லைக்கோடு

புராஸ்டேட் புற்றுக்கு இரத்தத்தில் அடையாளம் தேடும் முயற்சி பழையது. 1938-இலேயே அலெக்சாண்டர் கட்மன், எத்தல் கட்மன் என்னும் இருவர், புற்று எலும்புக்குப் பரவியவர்களின் இரத்தத்தில் அமில பாஸ்படேஸ் என்னும் நொதி மிகுந்திருப்பதைக் காட்டினர். ஆனால் அது மிகுவதற்குள் நோய் முற்றிவிடும். 1970-இல் ரிச்சர்டு ஆப்லின் புராஸ்டேட்டுக்கே உரிய எதிர்ச்செனியைப் பற்றி எழுதினார். 1979-இல் அமெரிக்காவில் பஃபலோ நகரிலுள்ள ராஸ்வெல் பார்க் நிறுவனத்தில் மிங் வாங் குழுவினர் அதைத் தூய நிலையில் பிரித்தெடுத்தனர். அடுத்த ஆண்டே அதே நிறுவனத்தார் நோயாளிகளின் இரத்தத்தில் அதை அளந்து காட்டினர்.

1986-இல் அமெரிக்க அரசின் உணவு, மருந்து நிர்வாகம் இச்சோதனைக்கு அனுமதி தந்தது. எதற்கு? நோய் கண்டு சிகிச்சை பெற்றவர்களைக் கண்காணிப்பதற்கு. இது முக்கியம். அறுவை செய்து சுரப்பியையே எடுத்துவிட்டவருக்குச் சில வாரங்களில் பி.எஸ்.ஏ. காண முடியாத அளவுக்கு இறங்கிவிட வேண்டும். பிறகு அது ஏறினால், எங்கோ செல்கள் மிஞ்சியிருக்கின்றன என்று பொருள். அங்கே இந்த எண் தெளிவாகப் பேசுகிறது. சுரப்பி உள்ளே இருக்கும்போதுதான் அது பல குரலில் பேசுகிறது. 1991-இல் வில்லியம் கேட்டலோனா என்னும் மருத்துவர், நோய் அறிகுறி இல்லாதவர்களிடமும் இதைப் பயன்படுத்தலாம் என்று காட்டினார். 1994-இல் அதற்கும் அனுமதி வந்தது. 4 என்னும் எல்லை அப்போதுதான் நிலைபெற்றது.

இந்த 4 இயற்கை போட்ட கோடு அன்று; மனிதர் போட்டது. இதற்கு மேலும் கீழும் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். 4 முதல் 10 வரை உள்ளவர்களுக்குச் சுரப்பியில் ஊசி செலுத்தித் திசு எடுத்துப் பார்த்தால், ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கே புற்று காணப்படுகிறது. என் தந்தையின் 9.4 இந்த வரிசையில்தான் வருகிறது. அதே சீட்டைக் கையில் வைத்திருக்கும் நால்வரில் மூவருக்கு அந்நோய் காணப்படாது. 10-க்கு மேல் போனால் பாதிப் பேருக்கு மேல் இருக்கும்.

கோட்டுக்குக் கீழே இருப்பவர்கள் நிம்மதியாக உறங்கலாமா என்றால் அதுவும் இல்லை. 2004-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், பி.எஸ்.ஏ. 4-ஐத் தாண்டாத 2,950 பேருக்குத் திசு எடுத்துப் பார்த்தார்கள். நூற்றுக்குப் பதினைந்து பேரிடம் புற்று இருந்தது. 0.5-க்கு மேல் போகாதவர்களிடையேகூட நூற்றுக்கு ஆறேழு பேரிடம் இருந்தது. அவற்றில் பெரும்பாலானவை தீங்கு செய்யாமல் கிடக்கும் சிறு புற்றுகள். ஆயினும், இந்த எண்ணுக்குக் கீழே நோயே இல்லை என்று சொல்லத்தக்க எண் எதுவும் கிடையாது என்பது அதனால் விளங்கியது. தேர்வில் 35 வாங்கியவர் தேர்ச்சி, 34 வாங்கியவர் தோல்வி என்று நாம் பழகியிருக்கிறோம். இரத்தத்துக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது.

மருத்துவர் கேட்ட கேள்விகள்

எங்கள் துறைப் பேராசிரியர் ஒருவர் சீட்டைப் பார்த்துவிட்டு, "எண்ணை என்னிடம் கேட்காதே. அப்பாவை அழைத்துக்கொண்டு அரசு மருத்துவமனையில் சிறுநீரகப் பிரிவுக்குப் போ" என்றார். போனோம். அங்கே இருந்த மருத்துவர் சீட்டை ஒரு நொடி பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். பிறகு அப்பாவிடம் கேள்வி கேட்கத் தொடங்கினார். சிறுநீர் போகும்போது எரிச்சல் உண்டா? காய்ச்சல் வந்ததா? அண்மையில் அடைப்பு ஏற்பட்டு டியூப் போட்டார்களா? இரத்தம் கொடுப்பதற்கு முந்திய இரண்டு நாள்களில் நெடுந்தூரம் சைக்கிள் மிதித்தீர்களா? மனைவியோடு சேர்ந்திருந்தீர்களா? என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்? தகப்பனார், உடன்பிறந்தார் யாருக்காவது இந்நோய் இருந்ததா?

அப்பா என்னைப் பார்த்தார். நான் வெளியே வந்து நின்றுகொண்டேன். பத்து நாள்களாக எரிச்சலும், இரவில் குளிர்காய்ச்சலும் இருந்ததை அவர் அன்றைக்குத்தான் முதன்முதலாக ஒருவரிடம் சொன்னார். அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. "புள்ளைங்க இருக்கிற வீட்ல இதை எப்படிச் சொல்றது?" என்று பிறகு என்னிடம் கேட்டார்.

மேற்கூறிய ஒவ்வொரு கேள்விக்கும் காரணம் உண்டு. சுரப்பியிலோ சிறுநீர்ப் பாதையிலோ கிருமித்தொற்று வந்தால் பி.எஸ்.ஏ. பல மடங்கு ஏறும். இறங்குவதற்கு வாரங்கள், சில வேளை மாதங்கள்கூட ஆகும். டியூப் போட்டாலும், திசு எடுத்தாலும் ஏறும். விந்து வெளிப்பட்ட இரண்டு நாள்களுக்குள் சோதித்தால் சிறிது கூடலாம். சைக்கிள் இருக்கை அழுத்துவதாலும் சிலருக்குக் கூடலாம் என்பதால் அதையும் இரண்டு நாள் தவிர்க்கச் சொல்கிறார்கள். இதற்கு நேர்மாறானதும் உண்டு. சுரப்பி வீக்கத்துக்குத் தரும் பினாஸ்டெரைடு, டூடாஸ்டெரைடு ஆகிய மாத்திரைகளை ஆறு மாதம், ஓராண்டு என்று தொடர்ந்து சாப்பிட்டால் எண் பாதியாகக் குறைந்துவிடும். அவருக்கு 3 என்று வந்தால் உண்மையில் 6 என்று கொள்ள வேண்டும். மாத்திரையின் பெயரைச் சொல்லாமல் விட்டால் சீட்டு 'நன்று' என்று சொல்லும்; நோய் இருந்தால் உள்ளே வளர்ந்துகொண்டிருக்கும்.

இத்தனையில் ஒரு கேள்வியையும் அந்த ஆய்வுக்கூடத்தில் கேட்கவில்லை. கையை நீட்டச் சொன்னார்கள், எடுத்தார்கள், அவ்வளவுதான்.

எண் 4-க்கும் 10-க்கும் இடையில் நிற்பவர்களுக்கு மற்றோர் இரத்தச் சோதனையும் உண்டு. இரத்தத்தில் பி.எஸ்.ஏ. இரண்டு வகையாக இருக்கிறது: வேறொரு புரதத்தோடு கட்டுண்டது, கட்டின்றித் தனித்திருப்பது. புற்று இருப்பவர்களிடம் தனித்திருப்பதன் விகிதம் குறைவாக இருக்கும். 1998-இல் வெளியான ஆய்வின்படி, தனித்த பங்கு நூற்றுக்கு 25-க்கு மேல் இருந்தவர்களில் புற்று கண்டவர்கள் நூற்றுக்கு 8 பேர்; 10-க்குக் கீழ் இருந்தவர்களில் 56 பேர். ஒரே 9.4-க்கு உள்ளே எவ்வளவு வேறுபாடு பாருங்கள்! இதற்கும் அப்பால், உடனே ஊசியைக் கொண்டு போகாமல் முதலில் எம்.ஆர்.ஐ. படம் எடுத்து, ஐயத்துக்குரிய இடம் தெரிந்தால் மட்டும் திசு எடுப்பது இப்போது பல இடங்களில் வழக்கமாகியிருக்கிறது.

எல்லோரும் சோதித்துக்கொள்ள வேண்டுமா?

இதில் மருத்துவ உலகமே இரண்டு பட்டு நிற்கிறது. நோயை முன்கூட்டியே கண்டால் நல்லதுதானே என்று நமக்குத் தோன்றும். ஆனால் இந்தப் புற்றின் குணம் விந்தையானது. பெரும்பாலும் மிக மெதுவாக வளரும். வேறு காரணத்தால் இறந்த முதியவர்களின் உடலை அறுத்துப் பார்த்தபோது, வாழ்நாளில் தொல்லையே தராத புற்று பலரிடம் காணப்பட்டிருக்கிறது. அத்தகையவருக்குச் சோதனை செய்து நோயைக் கண்டுபிடித்து, அறுவையோ கதிர்வீச்சோ செய்தால் அவர் ஆயுள் கூடாது; சிறுநீரை அடக்க முடியாமை, ஆண்மைக் குறைவு ஆகிய துன்பங்கள் மட்டும் கூடலாம்.

ஐரோப்பாவில் ஏழு நாடுகளில், 55 முதல் 69 வயது வரை உள்ள 1,62,000 ஆண்களைக் கொண்டு நடந்த பேராய்வின் முடிவு 2009-இல் வந்தது. சோதனைக்கு அழைக்கப்பட்ட பிரிவில் இந்நோயால் இறந்தவர்கள் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஆனால் ஒருவரைக் காப்பாற்ற 1,410 பேரை அழைக்கவும், 48 பேருக்குச் சிகிச்சை செய்யவும் வேண்டியிருந்தது. அதே ஆண்டு வந்த அமெரிக்க ஆய்வில் 76,000-க்கு மேற்பட்டோர் இருந்தனர். இரு பிரிவுக்கும் இறப்பில் வேறுபாடு தெரியவில்லை. ஆனால் சோதிக்கப்படாத பிரிவில் இருக்க வேண்டியவர்களில் மிகப் பலர் தாமாகவே போய்ச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். அப்புறம் எப்படி வேறுபாடு தெரியும்? எனக்கு அந்த ஆய்வின்மேல் அவ்வளவு மதிப்பு இல்லை. ஐரோப்பிய ஆய்வை விடாமல் 23 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள்; 2025-இல் வெளியான கணக்கின்படி 456 பேரை அழைத்தால் ஓர் இறப்பு தடுக்கப்படுகிறது. மெதுவாக வளரும் நோய்க்குப் பொறுமையாகத்தான் கணக்குப் பார்க்க வேண்டும் போலும்.

சோதனையைப் பற்றி முதலில் எழுதியவர்களுள் ஒருவரான ஆப்லினே, 2010-இல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் இதை எல்லோருக்கும் செய்வது தவறு என்று கடுமையாக எழுதினார். 2012-இல் அமெரிக்காவின் தடுப்புச் சேவைப் பணிக்குழு 'வேண்டாம்' என்றது. 2018-இல், 55 முதல் 69 வயதினர் மருத்துவருடன் கலந்து பேசித் தாமே முடிவு செய்யலாம், 70-க்கு மேல் வேண்டாம் என்று மாற்றிக்கொண்டது. 2023-இல் வெளியான பிரிட்டன் ஆய்வு மற்றொரு கதவைத் திறந்தது. புற்று சுரப்பிக்குள்ளேயே இருந்த 1,643 பேரில் ஒரு பிரிவுக்கு அறுவை, ஒரு பிரிவுக்குக் கதிர்வீச்சு. மற்றொரு பிரிவினரை விடாமல் கண்காணித்து மட்டும் வந்தார்கள். பதினைந்து ஆண்டுகளில் இந்நோயால் இறந்தவர்கள் மூன்று பிரிவிலும் நூற்றுக்கு மூவர் அளவே. நோய் இருக்கிறது என்று தெரிந்தும் கத்தியை எடுக்காமல் காத்திருக்கலாம் என்றால், சோதனையின் தீங்கு பெருமளவு குறைகிறது.

ஆனால் இந்த விவாதமெல்லாம் எல்லோரும் சோதித்துக்கொள்ளும் நாட்டின் விவாதம். இந்தியாவில் வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகியவற்றுக்குத்தான் அரசின் பொதுப் பரிசோதனைத் திட்டம் உண்டு, புராஸ்டேட்டுக்கு இல்லை. இங்கு நோய் மேலைநாடுகளைவிடக் குறைவு. எனினும் வருகிறவர்களில் பலர் முதுகெலும்புவரை பரவிய பின், இடுப்புவலி என்று வருகிறார்கள். அங்கே தேவைக்கு மேல் சோதனை; இங்கே ஒரு பக்கம் எதுவுமே இல்லை, மறு பக்கம் கேள்வி கேட்காத சலுகைக் கட்டணச் சோதனை. எரிச்சலையும் தடையையும் இரத்தம் கலந்து போவதையும் வாய்விட்டுச் சொல்லும் பழக்கம் வந்தால், அதுவே நமக்கு முதல் சோதனை என்பது என் கருத்து.

அப்பாவுக்குச் சிறுநீர்ச் சோதனையில் கிருமி இருப்பது தெரிந்தது. மருந்து கொடுத்து, எட்டு வாரம் கழித்து மீண்டும் இரத்தம் எடுத்தார்கள். இம்முறை 5.1. தனித்த பங்கு நூற்றுக்கு 27. சுரப்பி பருத்திருப்பது ஸ்கேனில் தெரிந்தது. "இப்போதைக்கு ஊசி வேண்டாம். ஆறு மாதம் கழித்து இன்னொரு முறை பார்ப்போம்" என்றார் மருத்துவர். "அப்போ எனக்கு அது இல்லைன்னு அர்த்தமா?" என்று அப்பா வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார். இருக்க வாய்ப்புக் குறைவு, அதனால்தான் மறுபடி பார்க்கச் சொல்கிறார்கள் என்றேன். அந்தப் பதில் அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் மாடுகளை விற்கும் பேச்சு அத்தோடு நின்றது.

அடுத்த சோதனை வைகாசியில். என் விலங்கியல் நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதியைக் குறித்து, அதற்கு முந்திய இரண்டு நாளும் சைக்கிள் கூடாது என்று எழுதி வைத்திருக்கிறேன். அந்த இரண்டு நாளும் சொசைட்டிக்குப் பால் கொண்டு போக அண்ணன் ஒப்புக்கொண்டிருக்கிறான்.